மார்த்தாவுக்குப் போர்த்திய மரியாதை

எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. பாட்டுக்கேற்ப ஆடும் நீரூற்று ஒன்றை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். திறப்பு விழா நவம்பரில். கசாக் புல்வெளிக் காற்று மூக்கை அறுக்கிற மாதத்தில் எவனாவது நீரூற்றைத் திறப்பானா என்று கேட்காதீர்கள். வருஷம் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தே தீர வேண்டுமாம். தண்ணீர் உறைந்துவிடக் கூடாதென்று அடியில் வெந்நீர்க் குழாய் வேறு ஓடுகிறது. கொடுத்துவைத்த தண்ணீர்!

நான் பால்ஜான். முப்பது வருஷம் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டில் இருந்தால் மருமகளோடு வாய்ச்சண்டை வரும். அதனால் வருஷ நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு தினமும் காலையில் இங்கே வந்துவிடுவேன். எனக்கு நேர் எதிரே உட்காருபவள் மார்த்தா. கிழட்டுக் குரங்கு. என்னைப் போலவே முன்கோபி.

செப்டம்பரில் எந்தப் புண்ணியவானோ பந்தை உதைத்து, அவள் கூண்டுக் கம்பிக்கு வெளியே இருக்கும் கண்ணாடியின் கீழ்ப்பாதியை உடைத்துவிட்டான். அன்றே இயக்குநர் எர்முகானிடம் போனேன்.

"அது வெளிநாட்டுக் கண்ணாடி, அக்கா. ஃபைல் நகர்ந்துக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

"ஃபைல் நகர்றதுக்குள்ள குரங்கு போய்ச் சேந்துரும், தம்பி."

"அப்படியெல்லாம் அபசகுனமா பேசாதீங்கக்கா."

ஏழு புகார்க் கடிதம் எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் காவலாளி குவானிஷ் தன் வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவந்து ஓட்டையை அடைத்தான். விழாவன்று காலை வந்து பார்த்தால் அட்டையைக் காணோம். மார்த்தா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா கிழிச்சே?" என்றேன் குவானிஷிடம்.

"நானா கிழிச்சேன்? விருந்தாளிங்க கண்ணுக்கு அசிங்கமா இருக்குமாம். இயக்குநர் பிச்சு எறியச் சொல்லிட்டாரு. ராத்திரி மைனஸ் பதினஞ்சு டிகிரின்னு ரேடியோவுல சொல்றான்க்கா. இது தாங்காது."

வாசலில் வெந்நீர் குதித்துக் குதித்து ஆடுகிறது, இங்கே ஒரு உயிர் விறைக்கிறது.

விழாவில் ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. இந்த வருஷத்தின் சிறந்த பார்வையாளர் நானாம்! துணை மேயர் மேடையில் என் தோளில் ஷப்பான் போர்த்தினார். வெல்வெட் துணி, உள்ளே பஞ்சு, கணுக்கால்வரை தொங்கும் அங்கி. முதுகில் தங்க நூலில் 'நகர நிர்வாகத்தின் அன்புப் பரிசு' என்று தைத்திருந்தது. பெரியவர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல, எல்லோரும் எங்கள் வழக்கப்படி உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். எர்முகான் என் காதருகே குனிந்தார்.

"இனிமே கடுதாசி வேணாமேக்கா."

"எதுக்குப்பா கடுதாசி? அதான் மரியாதை பண்ணிட்டீங்களே" என்றேன்.

நேரே குரங்குக் கூண்டுக்குப் போனேன். அங்கியைக் கழற்றி, உடைந்த கண்ணாடி வழியாகக் கம்பிக்குள் திணித்தேன். ஓட்டையை அடைக்கலாம் என்றுதான் நினைத்தேன். மார்த்தாவுக்கு என்னைவிட அறிவு அதிகம். வெடுக்கென்று உள்ளே இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். தங்க எழுத்து ஜொலித்தது.

சரியாக அப்போதுதான் துணை மேயரும் கேமராக்காரர்களும் வந்தார்கள். எர்முகானுக்கு முகம் செத்துவிட்டது.

"ஐயோ அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! திரும்ப வாங்குங்க!"

"வாழ்த்திப் போர்த்துனதை உருவுறது நம்ம ஊர் வழக்கமா, தம்பி? வேணும்னா நீங்களே அவகிட்ட கேளுங்க. கடிப்பா, பாத்துக்கோங்க."

துணை மேயர் குரங்கின் முதுகை இரண்டு முறை படித்தார். பிறகு ஓட்டையைப் பார்த்தார்.

"இதுக்குக் கண்ணாடி இல்லையா?"

"வெளிநாட்டுலேர்ந்து வரணும், ஐயா..."

"சாயங்காலத்துக்குள்ள வரணும்."

வந்துவிட்டது. அந்த வெளிநாடு சந்தை மூலையில் இருக்கிற கண்ணாடிக் கடைதான் என்று குவானிஷ் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் பத்திரிகையில் மார்த்தாவின் படம். 'குரங்குக்கும் அங்கி போர்த்திய இயக்குநர்: பரந்த உள்ளம்' என்று போட்டிருந்தார்கள். போகட்டும், பெயர் அவருக்கே இருக்கட்டும். மார்த்தாவின் இருமல் நின்றுவிட்டது. அங்கியை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டேன் என்கிறாள்.

திங்கட்கிழமை எர்முகானைப் பார்க்கப் போனேன். தன் கையாலேயே பால் ஊற்றித் தேநீர் கொடுத்தார்.

"தம்பி, இன்னொரு ஷப்பான் கிடைக்குமா?"

"எதுக்குக்கா?"

"கரடிக் கொட்டகைக் கூரை கோடையிலேர்ந்து ஒழுகுது. கரடிக்கு முதுகு அகலம். எழுத்தை இன்னும் பெருசாவே தைக்கலாம்."

நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கரடிப் பக்கம் ஓடினார்கள்.