பாய்மர விட்டம்

சண்டை ஓய்ந்து, புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய மூன்றாம் நாளே ஹவ்வா உம்மா மாதா கோயிலைப் பார்க்க வந்துவிட்டார். மகன் அப்துல் ஹமீட் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். இருபது வருஷ அகதி வாழ்க்கையில் கிழவிக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன. கோயில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த எமிலியானுஸ் மாஸ்டர் அவர்களைக் கண்டதும் கோயிலின் உட்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எழுந்து "வாங்கோ" என்றார். ஓடி ஒளியவும் வழியில்லை.

கிழவி எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்தக் கோயிலில் விட்டங்களெல்லாம் சதுரம். நடுவிட்டம் மட்டும் உருண்டை. சுவர் எழும்பிய பிறகு, அந்த அகலத்துக்கு ஊர் இருக்கும் தீவில் எங்கும் மரம் கிடைக்காமல் வேலை நின்றுபோனது. அப்போது பக்கத்து எருக்கலம்பிட்டியிலிருந்த கிழவியின் வாப்பா காமில், தன் வத்தைத் தோணியின் பாய்மரத்தையே கழற்றித் தந்தார். அந்த வருஷம் முழுக்க அவருடைய வத்தை கடலுக்குப் போகவில்லை. இரும்பு வளையம் இறுகியிருந்த தடம் இன்றைக்கும் விட்டத்தில் தெரியும்.

கோயிலின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்குச் சரித்திரம் எழுதிக் கல்லில் வெட்டுவித்து வாசல் சுவரில் பதிக்கும் பொறுப்பு மாஸ்டரிடம் வந்தது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் சண்டைக்காலத்தில் துரத்தப்பட்டு அப்போது எட்டு வருஷம். கேட்க ஆளில்லை. காமிலின் பெயர் வரவேண்டிய இடத்தில் தன் அப்பப்பா யாகப்பரின் பெயரை எழுதிவிட்டார். உண்மையில் யாகப்பர் செய்ததெல்லாம், பாய்மரத்தை இழுத்துவந்த கோயில் ஆட்களுக்குக் கள்ளு வாங்கிக் கொடுத்ததுதான். தலைக்கு மேலே உருண்டை மரம் கிடக்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா அந்தக் கல்லுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவர்தான் மாஸ்டர்.

"கல்லொண்டு வெட்டினதெண்டு கேள்விப்பட்டன். வாப்பாட பேர் வாற இடத்தை ஒருக்கா வாசியுங்கோ மாஸ்டர்," என்றார் ஹவ்வா உம்மா.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்தவர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளதை வாசித்துவிடுவோம், போகிற மானம் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நடுவிட்டம், எருக்கலம்பிட்டி காமில் அவர்களின் உபயம்," என்று கல்லில் இல்லாததை வாசித்தார்.

ஹமீட் கல்லைப் பார்த்தான். ஐந்தே வரி, வாசிக்க அதிக நேரம் தேவையில்லை. பிறகு மாஸ்டரைப் பார்த்தான். அவன் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம் உம்மா, அப்பிடித்தான் இருக்கு," என்றான்.

கிழவியின் முகம் மலர்ந்தது. "எவடத்தில? தொட்டுப் பாக்கிறன்."

ஹமீட் உம்மாவின் விரலைப் பிடித்து மூன்றாம் வரியில் வைத்தான். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்தக் கிழவி, யாகப்பரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு போனார். ஹவ்வா உம்மா முந்தானையை எடுத்து, எழுத்துகளுக்குள் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.