முப்பத்தேழு கடிதங்கள்

அறுபது பொட்டலம் பிரியாணி மிஞ்சிப்போனது அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. ஆதம் தன் கடை வாசலில் நின்று, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளிலிருந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து இறங்கிய மருமகன் அஹ்னாஃபின் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

"சாப்பிட்டுட்டு அந்தக் கம்ப்யூட்டர என்னன்னு பாருங்க மாப்ள. பேய் புடிச்சிருச்சு."

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்த ஆர்டர் மெயிலே திரும்பத் திரும்ப வருது," என்றாள் பிரேமலா, அடுக்களையிலிருந்து. "அன்னன்னைக்குத் தேதி போட்டத நான் பிரிண்ட் எடுத்துக் கம்பியில குத்துறேன். அண்ணன் தாள எண்ணி அரிசிய ஊறப்போடுறாரு."

"ஒரே தாளு ரெண்டு இருந்தா கேக்க மாட்டியா பிரேமலா?" என்றார் ஆதம்.

"ஃபேக்டரிக்காரன் ஒரு நாளைக்கு ரெண்டு ஷிப்டுக்கும் அறுபது அறுபதுன்னு தனித்தனியா அனுப்புறான். இன்னொரு நாளைக்கு ஒரு ஷிப்டுதான். நான் எதக் கண்டேன்?"

கடைக்கு வரும் மின்னஞ்சல் கடிதங்களை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவள் ருமானா. ஆதமின் மகள், அஹ்னாஃபின் மனைவி. டெங்கிக் காய்ச்சல் அவளை ஐந்தே நாளில் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்த பிறகுதான் கடை திறந்தார்கள். அஹ்னாஃப் அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். கேட்டால் பதில் சொன்னான். கொடுத்தால் சாப்பிட்டான்.

கணினி முன் உட்கார்ந்து கடிதங்களை இறக்கினான். முப்பத்தேழு என்று காட்டியது. உடனே மறுபடி இறக்கினான். அதே முப்பத்தேழு.

அது பழைய மென்பொருள். புதிய கடிதத்தில் தொடங்கிப் பழையதை நோக்கி ஒவ்வொன்றாக இறக்கும். கடைசிவரை போய்ச் சேர்ந்தால்தான் எதையெல்லாம் வாங்கினோம் என்று குறித்துக்கொள்ளும். வழியில் ஒன்று சிக்கினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும். பத்து நிமிட வேலை.

உலாவி வழியாகக் கடையின் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்தான். முப்பத்தெட்டாவதாக, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. ஐம்பது மெகாபைட். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் தேதி.

அனுப்பியவர்: ருமானா.

பொருள்: அத்தா, பிரிண்ட் எடுத்து வைங்க.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஆதம் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எம் மக அனுப்பினதா?"

"ஆமா மாமா. இதுதான் அடைச்சிருக்கு. அழிச்சாத்தான் சரியாகும்."

"அழிக்க வேணாம்." குரல் எழும்பவில்லை. "நான் ரெண்டு தடவ எண்ணிக்கிறேன். மிஞ்சினா கொடுத்துட்டுப் போறேன். அது அங்கேயே இருக்கட்டும்."

அவள் தினமும் தூசி தட்டுவதுபோல் சுத்தம் செய்து வைத்திருந்த பெட்டி அது. மாலையில் ஒரு கடிதம்கூட மிச்சம் வைக்க மாட்டாள். கடைசியாக அனுப்பியது மட்டும் யாரும் திறக்காமல் கிடக்கிறது.

அஹ்னாஃப் அதைத் திறந்தான்.

இருபத்தாறு படங்கள். கடை உரிமம் புதுப்பிக்கும் பாரம், ஒவ்வொரு பக்கமும் கைப்பேசியில் எடுத்தது. 'எழுத்து தெளிவா இருக்கணும்' என்று ஆதம் வற்புறுத்தியதால் இருப்பதிலேயே பெரிய அளவில் எடுத்திருந்தாள். தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க, எல்லாப் படத்திலும் ஓரத்தை இடது கையால் அழுத்தியிருந்தாள். நகத்தில் பெருநாள் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது. ஒன்பதாவது படம் ஆடிவிட்டது. அதில் பாரமே இல்லை, கை மட்டும்.

"பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கு மாமா," என்றான். "எடுத்துருவோம்."

படங்களைக் கணினியில் சேமித்தான். பிரேமலா தாள் போட்டாள். இருபத்தாறும் வெளியே வந்தன. ஆதம் ஒவ்வொன்றாக வாங்கி, சூடு ஆறுமுன்பே அடுக்கினார். கடைசித் தாளையும் வைத்துவிட்டு மருமகனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அஹ்னாஃப் அழித்தான். மறுபடி இறக்கினான். முப்பத்தேழு, கடைசியாக ஒரு தடவை. அதற்கடுத்து, புதிய கடிதம் ஏதுமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆர்டர் வந்தது. பிரேமலா ஒரே ஒரு தாளைக் கம்பியில் குத்தினாள்.

"அறுபதுதானே?"

"அறுபதுதாண்ணே. அடிச்சுச் சொல்றேன்."

ஆதம் அரிசி மூட்டையைப் பிரிக்கப் போனார்.

"மாமா."

திரும்பினார்.

"அந்த ஒம்பதாவது தாளு எனக்கு வேணும்."

நாற்பது நாளுக்கும் மேலாகிவிட்டது, அவன் வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு. ஆதம் அடுக்கைப் பிரித்துத் தேடினார்.