ராசியான வீடு

வத்தக்குழம்புப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள் வள்ளி. ரஞ்சித்குமாருக்கு அது என்றால் உயிர். வேலை தேடி அமெரிக்காவில் இந்த பிளானோவுக்கு வந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க இவர்கள் வீட்டு மாடி அறையில்தான் கிடந்தான். மூன்று வேளையும் வள்ளி கைச் சாப்பாடு. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மகராசன். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தன் கம்பெனியிலேயே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர் அவள் கணவர் திருமூர்த்தி.

இப்போது அங்கே அவன் மேனேஜர். போன மாதம் ஆட்களைக் குறைத்தபோது திருமூர்த்தியை வீட்டுக்கு அனுப்பியதும் அவன்தான். வேறு வேலை கிடைக்காவிட்டால், வருஷம் முடிவதற்குள் விசா போய் மூட்டை கட்ட வேண்டும். அவன் மனசு வைத்தால் இன்னொரு டீமில் சேர்த்துவிடலாம். வயிறு எரிந்தாலும், அதை நம்பித்தான் வள்ளி அவன் வீட்டு தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாள் விருந்துக்குக் கிளம்பியிருந்தாள்.

"நீங்க வாயத் தொறக்காட்டி நானே கேட்டுப்போடுவேன்."

"கேக்கறேன் வள்ளி. சாப்பிட்டு முடிக்கட்டும்."

பின்சீட்டில் மகள் தென்றல், அந்தத் திருநாள் வந்த கதையைப் பள்ளியில் படித்தபடி ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டு வந்தாள். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்களாம். மிச்சப் பேருக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தது அந்த மண்ணின் மக்களாம். அறுவடை முடிந்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

"அப்புறம்?" என்றாள் வள்ளி.

அப்புறம் வந்தவர்களின் பிள்ளைகள் தலையெடுத்த காலத்தில் சண்டை மூண்டு, கற்றுக்கொடுத்தவர்களின் நிலம் பறிபோனதாம்.

"நல்ல நாளும் அதுவுமா வேற பேச்சே இல்லியா உனக்கு?"

ரஞ்சித் வீட்டு மேசையில் வான்கோழிக்குப் பக்கத்தில் வத்தக்குழம்பும் ஏறியது. சாப்பிடும் முன் ஆளாளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாள் அவன் மனைவி பிரீத்தி. கிரீன் கார்டுக்கு ஒருவர், புது வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லி முடித்தபின் ரஞ்சித் எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

"இந்த ஊர்ல எனக்கு மொதல்ல சோறு போட்டது வள்ளி அண்ணிதான். அந்த வீட்டு ராசிதான் என்னை இவ்ளோ தூரம் கொண்டுவந்துச்சு. தேங்க் யூ அண்ணா, தேங்க் யூ அண்ணி."

எல்லாரும் கைதட்டினார்கள். வள்ளி உருகிப்போனாள். இவனையா இத்தனை நாள் திட்டித் தீர்த்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

சாப்பாடு முடிந்ததும் ரஞ்சித் திருமூர்த்தியைப் பின்வாசல் பக்கம் அழைத்துப் போனான். கண்ணாடிக் கதவு வழியாக வள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தோளில் கைபோட்டுப் பேசினான், இவர் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். பழனி முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டாள்.

பிரீத்தி பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

காரில் ஏறியதும் வள்ளி கேட்டாள். "ஏனுங்க, எந்த டீமுங்களாம்?"

திருமூர்த்தி சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். "நான் கேக்கறதுக்கு முந்தி அவன் கேட்டுட்டான்."

"என்னத்த?"

"நம்ம வீட்ட. ராசியான வீடாம். எப்படியும் ஊருக்குக் கெளம்பப் போறீங்க, வெளியாளுக்குக் குடுத்துராதீங்க அண்ணா, நானே வாங்கிக்கறேன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

"எதுக்குங்க?"

"அத்தன பேரு முன்னாடி நன்றி சொன்னானே, வள்ளி. அதுக்கப்புறம் எப்படி மாட்டேங்கறது?"