கடலைப் பார்த்த அம்பு

என் அக்கா புருஷனுக்குப் பெயின்ட் அடிக்காத குழாயைப் பார்த்தால் சோறு இறங்காது. வீட்டில் என்றால் அக்கா ஒரு முறை முறைத்து அடக்கிவிடுவாள். கப்பலில் அவர்தான் சீஃப் இன்ஜினியர், நான் அவருக்குக் கீழே செகண்ட். அங்கே முறைக்க ஆள் கிடையாது. எண்ணெய்க்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம், கழிவுக்குக் கருப்பு. நிறம் காய்ந்ததும், உள்ளே ஓடுவது எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட வெள்ளையில் ஒரு அம்புக்குறி. அம்பு கோணலாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். எல்லாக் கப்பலிலும் இது உண்டு. எங்கள் கப்பலில் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

இன்ஜின் அறையின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்கும். அதை ஒரு மெஷினில் விட்டு எண்ணெயைப் பிரித்தெடுத்து, மிச்சமுள்ள சுத்தமான தண்ணீரை மட்டும்தான் கடலில் விடலாம். அந்த மெஷின் படுத்துவிட்டது. உதிரிபாகம் கேட்டோம். இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் என்று கம்பெனி பதில் அனுப்பியது. மாமா சமாளித்தார். மெஷினை ஒதுக்கிவிட்டுப் பம்பிலிருந்து நேராகக் கடலுக்குப் போகும்படி ஒரு குழாயைத் தானே வளைத்து, வெல்டு வைத்து, மாட்டினார். கழற்றி ஒளிக்கவும் வசதி. கப்பலுக்குப் பின்னால் கடல் வானவில் நிறத்தில் பளபளத்துக்கொண்டு வந்தது. தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை, என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டவரே அவர்தான்.

அந்தத் திருட்டுக் குழாய்க்கும் கருப்பு அடித்து, அம்பு போட்டார்.

"இதுக்கு எதுக்கு மாமா அம்பு? யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்குறேன்ல?" என்றார்.

அடுத்த வெளிநாட்டுத் துறைமுகத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி அம்மாவும் பார்த்தார். ஸ்டோர் அறையில், கந்தல் துணி மூட்டைக்கு அடியிலிருந்து அதை இழுத்தெடுத்துத் தரையில் போட்டார்.

"இது என்ன?"

"எங்கிருந்து வந்ததுன்னு தெரியலைங்க. பழைய குழாய், சும்மா கிடக்குது" என்றார் மாமா.

அந்த அம்மா குனிந்து அம்பின் மேல் விரலை ஓட்டினார். "சும்மா கிடக்குற குழாய்க்கு எங்க போகணும்னு நல்லாத் தெரிஞ்சிருக்கே" என்றார். பிறகு அதைக் கையோடு கொண்டுபோய், கடலுக்குள் திறக்கும் வால்வில் பொருத்திப் பார்த்தார். மாமாவின் வேலையில் நூலளவு பிசகு இருக்காது. கச்சிதமாக உட்கார்ந்தது.

எங்களைக் கப்பலிலிருந்து இறக்கி ஒரு ஓட்டலில் வைத்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி அனுப்பிய வக்கீல் வந்து கட்டிலில் உட்கார்ந்து சட்டத்தைச் சொன்னார்.

"கடல்ல கொட்டுனதுக்கு அபராதம். அதைக் கம்பெனி கட்டும். கொட்டலைன்னு அதிகாரிகிட்ட பொய் சொல்லி மறைச்சதுக்கு ஜெயில். அது ஆளுக்கு."

"சமாளிக்கச் சொன்னதே கம்பெனிதானே சார்?"

"கம்பெனியை எப்படித் தம்பி ஜெயில்ல போடுறது? அதுக்குக் கையா காலா?" என்றார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் மாமா என் அறைக்கு வந்தார். ஜன்னல் திரையை இழுத்து நேராக்கினார். பிறகு சொன்னார். "குழாயை நீதான் மாட்டினதாச் சொல்லிடு. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? வயசும் கம்மி, ஜட்ஜ் குறைச்சுப் போடுவார். நான் உள்ள போனா உங்க அக்கா ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?"

ஜெயிலுக்குப் போய் வந்தவனை எந்தக் கப்பலிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அக்காவை நினைத்துக்கொண்டு, சரி என்றேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"என்னக்கா பண்ணேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. காலையிலயே அவர் எல்லாம் சொல்லிட்டார். நீ அவருக்குத் தெரியாம குழாய் மாட்டுனியாம். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதேன்னு பாவம் அந்த மனுஷன் தவிச்சுக்கிட்டு இருக்கார். உன்னை நம்பித்தானேடா கூட்டிட்டுப் போனார்?"

என்னிடம் கேட்டது சாயங்காலம். அக்காவிடம் சொன்னது காலையில். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது, ஆனால் அது என் போன். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

விசாரணை அன்று குழாயைக் கோர்ட்டில் ஒரு மேஜைமேல் வைத்திருந்தார்கள். இந்தக் குழாயைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று மாமா முதலில் சத்தியம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்தார். அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"நீங்க மாட்டுனதுன்னு உங்க பக்கம் சொல்றாங்க" என்றார் அரசு வக்கீல். "உங்க பதிலை அப்புறம் கேக்குறேன். முதல்ல எப்படி மாட்டுறதுன்னு காட்டுங்க. இந்த மேஜையைப் பம்பா வச்சுக்கங்க. அந்தச் சுவர்தான் கடல்."

குழாயைத் தூக்கினேன். அம்பு மேஜையைப் பார்க்க, தலைகீழாகப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிதானமாக நின்றேன். மாமாவைப் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. அவர் நாற்காலி கிரீச்சிட்டது. தொண்டையைச் செருமினார். அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அந்தத் தப்பான முனையை மேஜை விளிம்பில் வைத்து, இடிக்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினேன்.

"மடையா!" என்று எழுந்துவிட்டார் மாமா. "அம்பு கடலைப் பாத்து இருக்கணும்டா! நீளப் பக்கம் வால்வுக்கு! எத்தனை தடவை சொல்றது!"

அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி. என்னை மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கம்பெனிக்குப் பெரிய அபராதம். அந்தக் கப்பல் சில வருஷம் அந்த நாட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. மாமாவுக்குப் பத்து மாதம் ஜெயில். என்னைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

"ஜெயில்லேர்ந்து பேசினார்" என்றாள். "உள்ள போனதைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லலை. இத்தனை வருஷம் கத்துக்கொடுத்தும் உனக்கு எந்த முனை எதுன்னு தெரியலையேன்னுதான் வருத்தமாம்."

"தெரிஞ்சுதான்க்கா அப்படிப் பிடிச்சேன்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "நான் போன் பண்ண அன்னிக்கே நீ பண்ணலைன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

எனக்கு மாமாமேல்கூட அவ்வளவு கோபம் வந்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

"எங்கடா போறே? அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் யாரைத் திட்டுறது?"