சித்தப்பாவின் கறுப்பு வேஷம்

படத்தை முதலில் தனியாகப் பார்த்துவிடுவது அப்பாசாமியின் வழக்கம். கதை சொல்கிறவன் கதை தெரியாமல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றால் கொட்டகை அவனை உரித்து உப்புத் தடவிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மொகல் தெருக் கொட்டகையின் ஜன்னல்களை அடைத்துவிட்டு, அவனும் முதலாளியும் படம் ஓட்டுகிற மிஷின்காரனுமாக உட்கார்ந்தார்கள். பாதிப் படத்திலேயே அப்பாசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையில் தின்ற பர்மாக்காரர்களின் மீன்குழம்புச் சேமியா, மொகிங்காவின் வாடை தொண்டைவரை ஏறி வந்து நின்றது.

ரங்கூனில் அந்த நாளில் படம் பேசாது. வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் வாயை வாயை அசைப்பார்கள், நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்து போகும். கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கும் அரிசி மில்லில் உமி அள்ளுகிறவனுக்கும் அதில் என்ன புரியும்? அவர்களுக்காகத் திரையோரத்தில் ஓர் ஆள் கையில் கோலோடு நின்று, தமிழில் கதை சொல்வான். கிழவி பேசினால் கிழவிக் குரல், துரை பேசினால் துரைக் குரல், கதவு தட்டினால் கோலால் பலகையில் இரண்டு தட்டு. பபேடான் பேட்டைப் பக்கம் இந்த வேலையில் அப்பாசாமியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன், நாக்கில் சரக்கு உள்ளவன். அந்த நாக்கை நம்பித்தான் பெண்டாட்டி பவுனம்மாளும் மூன்று பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் கொட்டகைக்கு ஒரு தனிச் சொத்து இருந்தது. அதுதான் சித்தப்பா.

அமெரிக்காவில் ஆர்லோ பிட்கின் என்று ஒரு நடிகன். கதாநாயகன் இல்லை. விளம்பரத் தாளில் அவன் பெயர் கடைசியில் எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கும். நீளத் தாடை, சரிந்த தோள். ஒரு படத்தில் குதிரைத் திருடன், ஒரு படத்தில் பாதிரி, இன்னொன்றில் குடிகார டாக்டர். ஒரு தடவை அப்பாசாமி விளையாட்டாக ஒரு வேலை செய்தான். போன படத்தில் சுடப்பட்டு விழுந்த அதே தாடை, இந்தப் படத்தில் சமையல்காரனாக வந்ததும், "பாருங்கய்யா, நம்ம சித்தப்பா. அன்னைக்கு குண்டு தோளோட போச்சு, ஆளு பொழச்சிக்கிட்டாரு. திருட்ட விட்டுட்டு இப்ப சமையலுக்கு வந்திருக்காரு" என்று அடித்துவிட்டான். கொட்டகை அதிர்ந்துபோயிற்று.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஜனத்துக்கு வேஷம் என்றால் தெரியாதா? தெரியும். ஆனால் சித்தப்பா விஷயத்தில் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அன்றிலிருந்து வந்த படத்தையெல்லாம் அப்பாசாமி ஒரே வாழ்க்கையாகக் கோர்த்தான். சித்தப்பாவுக்கு ஊரில் தாலியறுத்த அக்கா ஒருத்தியைக் கொடுத்தான், சம்பளத்தில் பாதியை அவளுக்கு அனுப்ப வைத்தான். சித்தப்பா கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணைத்தான் கதாநாயகன் கொத்திக்கொண்டு போய்விட்டான், அதனால்தான் எல்லாக் கல்யாணத்திலும் அவர் பின்வரிசையில் நிற்கிறார் என்றான். ஒரு படம் சித்தப்பா சிறைக்குப் போவதோடு முடிந்தது. மறுநாள் ஜெட்டி ஆட்கள் காளி கோயிலில் அவர் விடுதலைக்காகச் சிதறுதேங்காய் உடைத்தார்கள். உடைத்த கோஷ்டிக்குத் தலைவன் ரெங்கசாமி என்ற மூட்டைக்காரன். எந்த ஆட்டத்துக்கும் முன்வரிசைப் பாயில் அவன்தான் முதல் ஆள்.

இப்போது புதுப் படத்துக்கு வருவோம். அமெரிக்கத் துரை ஒருவன் இந்தியாவில் எங்கோ தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறான். அங்கே ஒரு கூலிக்காரன். கந்தல் முண்டாசு, கரிச்சட்டியைக் கவிழ்த்த நிறம், முன்னால் தொங்கும் நாக்கு. துரைசாணியின் சங்கிலியைத் திருடுகிறான், பிடிபடுகிறான், துரை உதைக்கிறான். உருண்டு விழுந்தவன் எழுந்து வந்து உதைத்த பூட்ஸை நக்குகிறான். துரை ஒரு ரொட்டித் துண்டை வீசுகிறான், அதை வாயால் கவ்விக்கொண்டு பின்புறத்தை ஆட்டுகிறான். சீ. இதையே திருப்பித் திருப்பிப் படம் முடிகிறவரை. உதை, நக்கல், ரொட்டி. அந்தக் கரிக்கு அடியில் இருந்தது ஆர்லோ பிட்கினின் தாடை.

படப்பெட்டியோடு ஒரு விளம்பரப் புத்தகமும் வந்திருந்தது. அதில் அந்த மனுஷனின் சரித்திரம் இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அப்பாசாமி முதல் தடவையாக அதைப் படித்தான். அக்காவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செருப்புக் கடைக்காரன் மகன், ஊர் ஊராய் நாடகக் கம்பெனியோடு போய்க் கோமாளி வேஷம் கட்டி வந்தவன், இப்போது பெரிய வீடும் இரண்டு பந்தயக் குதிரையும். நடிக்காத இனமில்லை, கட்டாத வேஷமில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தான். இந்துக் கூலியின் குணமெல்லாம் வளைந்த முதுகில்தான் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக வரும் என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் படம். கரிமூஞ்சியில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. அப்பாசாமிக்குப் புத்தகத்தைத் தொட்ட விரலைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"என்ன அப்பாசாமி, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?" என்றார் முதலாளி முத்து முகம்மது ராவுத்தர்.

"இந்தப் படம் நம்ம சனத்துக்கு வேணாம் முதலாளி. திருப்பி அனுப்பிருங்க."

"திருப்புறதா? வெள்ளக்காரக் கொட்டகையில ஓடித்தான்யா நமக்கு வந்திருக்கு. துரைசாணிங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்களாம். சித்தப்பா நம்ம ஆளா வேஷங்கட்டி வந்திருக்காரு, நம்ம ஆளுங்களுக்குக் கசக்குமா? 'சித்தப்பா வெயில்ல கறுத்துட்டாரு'ன்னு ஆரம்பி. ஒவ்வொரு உதைக்கும் ஒரு தட்டு, ஒரு வார்த்தை."

"எனக்கு அந்த வாய் வராது முதலாளி."

"வராட்டிப் போ. வர்ற வாய நான் வச்சிக்கிறேன். முகைதீனுக்கு உன் கதையெல்லாம் மனப்பாடம்" என்றார் ராவுத்தர், கோபமே இல்லாமல். முகைதீன் அவருடைய மருமகன், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். சொன்னால் சொன்னபடி செய்யும் ஆள்.

மத்தியான ஆட்டத்துக்கு மணியடிப்பதற்குள் அப்பாசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். சித்தப்பாவைக் கொன்றுவிட வேண்டியதுதான். ஊருக்கு அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்று சொல்லிவிட்டால், திரையில் பூட்ஸை நக்குகிறவன் எவனோ ஒருவன். அந்த எவனோவுக்குக் கதை சொல்லிவிட்டுப் போகலாம். வேலையும் தங்கும், சித்தப்பாவும் கெடமாட்டார். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

கொட்டகை பிதுங்கி வழிந்தது. வெற்றிலைச் சாறும் வேர்வையும் சுருட்டுப் புகையும் கலந்த வாடை. விளக்கு அணைந்ததும் அப்பாசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சித்தப்பா செத்த செய்தியைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ரெங்கசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

கூலிக்காரன் திரையில் வந்தான். முன்வரிசை கழுத்தை எக்கிப் பார்த்தது. பிறகு முன்வரிசையிலிருந்து ரெங்கசாமியின் குரல் வந்தது.

"அப்பாசாமியண்ணே, இது சித்தப்பா தாடை."

"இல்லய்யா. இது வேற ஆளு."

"தோளப் பாருண்ணே, சாய்ஞ்சிருக்கு. தாடி வச்சாலும் கண்டுபிடிப்போம், பாதிரி அங்கி போட்டாலும் கண்டுபிடிப்போம். நீதான பழக்கின?"

"சித்தப்பாதாண்டா" என்று நாலு பக்கமும் கிளம்பிவிட்டது. செத்தவர் பிழைத்த சந்தோஷத்தில் விசில் பறந்தது. அந்த விசிலுக்கு நடுவில்தான் முதல் உதை விழுந்தது. விசில் நின்றது. சித்தப்பா உருண்டார், எழுந்தார், நாக்கை நீட்டிக்கொண்டு பூட்ஸின்மேல் குனிந்தார்.

"எதுக்குண்ணே நம்ம மாதிரி கட்டியிருக்காரு? எதுக்கு நக்குறாரு?" என்றான் ரெங்கசாமி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அப்பாசாமிக்குக் காலையிலிருந்து தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. "காசுக்குய்யா. கரியப் பூசிக்கிட்டு நக்குனா காசு தர்றான், நக்குறான். கூலிக்காரன்னா இப்படித்தான் இருப்பான்னு ஊரு உலகத்துக்குக் காட்டுறான். அதப் பார்த்து வெள்ளக்காரன் சிரிக்கிறான். உன்னத்தான்யா காட்டுறான் ரெங்கசாமி. உன் முதுகு. என் முதுகு."

"சித்தப்பா அப்படிச் செய்யமாட்டாரு."

"சித்தப்பான்னு எவனும் இல்லய்யா. அக்காளும் இல்ல, காய்ச்சலும் இல்ல. எல்லாம் நான் கட்டிவிட்டது. இவன் ஒரு செருப்புக்கடைக்காரன் மவன். உங்க தேங்காய்க்கு இவன் துப்பக்கூட மாட்டான்."

மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ரொட்டி விழுந்தது, பிட்கின் கவ்வினான், ஆட்டினான். யாரும் சிரிக்கவில்லை. அப்பாசாமிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாயிற்று. இப்போது எழுந்து போவார்கள், பாயைச் சுருட்டி எறிவார்கள், ஒரு செருப்பாவது திரைமேல் பறக்கும் என்று நினைத்தான். அவனே முதல் செருப்பை எடுக்கத் தயார்.

"அண்ணே" என்றான் ரெங்கசாமி, கெஞ்சுகிற குரலில். "வாரம் பூரா மூட்ட தூக்கிட்டு வந்து உக்காந்திருக்கோம். அதெல்லாம் எதுக்கு இப்ப? அந்தச் சங்கிலி என்னாச்சு, அதச் சொல்லு."

"ஆமா, கதையச் சொல்லுய்யா" என்றது கொட்டகை.

அதற்குள் ராவுத்தர் அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கவாசலில் விட்டார். கோல் முகைதீன் கைக்குப் போயிற்று. சந்துச் சுவரோரம் நின்ற அப்பாசாமிக்கு முகைதீனின் கட்டைக்குரல் தெளிவாகக் கேட்டது. சித்தப்பா சாகவில்லையாம், தோட்டத்து வெயிலில் கறுத்துவிட்டாராம். ஓவென்று ஒரு சந்தோஷம். பிறகு பலகையில் தட்டு, சிரிப்பு. தட்டு, சிரிப்பு. ஒவ்வொரு தட்டும் ஓர் உதை என்று அவனுக்குத் தெரியும். தன் ஜனம் தன் முதுகில் விழும் உதைக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறதைக் கேட்டுக்கொண்டே, சாக்கடையில் குனிந்து காலைச் சாப்பாடு முழுவதையும் கக்கினான். பிட்கின்மேல் அருவருப்பு, ராவுத்தர்மேல் அருவருப்பு, உள்ளே பல்லிளித்துக்கொண்டிருந்த அத்தனை பேர்மேலும் அருவருப்பு. குழாயில் வாயைக் கொப்பளித்தும் அது போகவில்லை.

ஆட்டம் முடிந்து ராவுத்தர் வெளியே வந்தார். கையில் ஒரு குவளை தேநீர் இருந்தது.

"குடி. முகைதீன் தடவுறான்யா. உன் நாக்கு அவனுக்கு வராது. ஆறு மணி ஆட்டத்துக்கு நீ நிக்கிறியா, அவனையே வச்சிக்கவா? நின்னா நான் சொன்னபடி நிக்கணும்."

லத்தா பேட்டைப் பக்கம் இருக்கிற மற்றக் கொட்டகைகளில் கதை சொல்ல ஆள் இருந்தது. இந்த வாயை விட்டால் ஜெட்டிதான், மூட்டைதான். வீட்டில் அரிசிப்பானை எப்படியிருக்கிறது என்று பவுனம்மாள் காலையில்தான் சொல்லியனுப்பியிருந்தாள். அப்பாசாமி தேநீரைக் குடித்தான். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.

முதல் ஆட்டம் பார்த்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போகவே இல்லை. ரெங்கசாமி அதே பாயில், அதே இடத்தில் இருந்தான். அப்பாசாமியைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "வந்துட்டியாண்ணே, நீ இல்லாம நல்லாவே இல்ல" என்றான்.

விளக்கு அணைந்தது. கறுத்த சித்தப்பா வந்தார். சித்தப்பாவுக்கு என்ன குரல் கொடுப்பது என்று அப்பாசாமி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவனின் இழுப்பும், மூச்சு வாங்கலும், ரெங்கசாமியின் அந்தக் கெஞ்சலும் அப்படியே நாக்கில் வந்து உட்கார்ந்தன. துரையின் கால் எழும்பியது. அப்பாசாமி கோலால் பலகையில் ஒரு போடு போட்டான்.

"நல்லா ஒதைங்க தொரை. வாரம் பூரா மூட்ட தூக்குன முதுகு, தாங்கும்."

கொட்டகையே இடிந்துவிழும்போல் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அப்படியொரு சிரிப்பை அவன் வாங்கியதில்லை. ரெங்கசாமி பாயில் உருண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அப்பாசாமி வாயில் ஊறியதைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டு, அடுத்த உதைக்குக் கோலைத் தூக்கினான்.