பல்லில்லாப் பூசணி

லண்டன் வால்தம்ஸ்டோவில் மணியம் திறக்கவிருந்த பலசரக்குக் கடையின் வாசலிலிருந்து நீற்றுப்பூசணி களவு போனதை முதலில் கண்டவள் ஜெஸ்ரின். கூப்பாடு போட்டிருக்க வேண்டியவள் வாயடைத்து நின்றாள். பூசணியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அவளை அப்படி நிறுத்திவிட்டது.

"வம்பீர்."

ஜெஸ்ரின் மணியத்தின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். பால்கன் நாடுகளின் கிராமங்களில் வம்பீர் என்னும் இரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றி மக்கள் என்னென்ன நம்பினார்கள் என்பதே பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு. செத்தவன் குழியிலிருந்து எழுந்து வருவதற்கும், அவன் நெஞ்சில் முளையடிப்பதற்கும் பதிவுகள் ஏராளம். ஆனால் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு பழைய கட்டுரையில் இருந்த சில வரிகள்தான். அங்குள்ள ரோமா என்னும் நாடோடி இன மக்கள் சிலர், வீட்டில் நெடுநாள் கிடக்கும் பூசணியும் தர்ப்பூசணியும் இரத்தக்காட்டேரியாகிவிடும் என்று நம்பினார்களாம். தோலில் இரத்தத்துளி தெரியுமாம். இருட்டியதும் உறுமிக்கொண்டு உருண்டு திரியுமாம். பல் இல்லாததால் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை என்றும் அதில் இருந்தது. அவளுடைய மேற்பார்வையாளர் லெஸ்லி இதைக் கேட்டுச் சிரித்தார். கட்டுரை எழுதியவரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள், உயிரோடிருக்கும் ஒருவர் வாயால் இதைக் கேட்டுக்கொண்டு வந்தால் பேசுவோம் என்றார்.

கடைத் திறப்பு கவுன்சில் அனுமதிக்காக இரண்டு தடவை தள்ளிப்போனது. அதற்கென்று வாங்கிய பூசணி வாரக்கணக்கில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கிடந்தது. அன்று காலை ஐயர் அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, உள்ளே குங்குமத்தைத் திணித்து, படியில் வைத்துவிட்டு விளக்கை ஆயத்தப்படுத்தப் போனார். பூசணியின் நீர் கசிந்து தோலில் சிவப்பாக ஒழுகியது. அந்த நேரம் பார்த்துத்தான் மேல்மாடிக் குடியிருப்பில் இருக்கும் செவ்தா, தள்ளுவண்டியில் குழந்தையோடு பார்க்கிலிருந்து திரும்பி வந்தாள். சிறுமியாக இருக்கும்போதே கொசோவோவிலிருந்து அகதியாக வந்த ரோமாப் பெண் அவள். பூசணியைக் கண்டதும் அதைப் பறித்துத் தள்ளுவண்டியின் அடித்தட்டில் எறிந்துவிட்டு, வண்டியோடு படியேறிவிட்டாள்.

மணியம் வெளியே வந்து வெறும் படியைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடியப்போகுது. பூசினிக்காய் எங்க பிள்ளை?"

"மேல போயிட்டுது அண்ணை. நான் போய்ப் பாக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே ஜெஸ்ரின் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. குழந்தை வண்டியில் வாரோடு கட்டுண்டு அழுதுகொண்டிருந்தது. செவ்தா பூசணியை வீட்டிலிருந்த பெரிய பானையில் இறக்கி, கெட்டிலிலிருந்து கொதிநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிட்ட வராதே, கீழே இத்தனை நாளாக எதை வைத்திருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் அதட்டினாள். ஜெஸ்ரின் வாசலோடு நின்றுகொண்டாள். கட்டுரையில் இருந்தது இதேதான். முதலில் கொதிக்க வைப்பார்கள். பிறகு அந்த நீரைக் கொட்டிவிட்டுத் துடைப்பத்தால் தேய்ப்பார்கள். தான் ஒரு சொல் சொன்னாலும் இது நின்றுபோய்விடும் என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவ்தா சிவந்த நீரைத் தொட்டியில் கொட்டினாள். மூலையில் நின்ற சோளத்தட்டைத் துடைப்பத்தை எடுத்து, பூசணியைப் பலங்கொண்ட மட்டும் தேய்த்தாள்.

ஜெஸ்ரினால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அடுத்ததாக அந்தத் துடைப்பத்தை எரிக்க வேண்டும், இல்லையா?"

செவ்தாவின் கை நின்றது. "உனக்கு இதை யார் சொன்னது?"

பதிலுக்கு ஜெஸ்ரின், கட்டுரையில் எழுதியிருந்தபடி நாக்கை உருட்டி உறுமிக் காட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. செவ்தா தலையாட்டினாள். அப்படியில்லை, தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, தானே செய்து காட்டினாள். தண்ணீருக்குள் இருந்து ஏதோ உறுமுவது போலிருந்தது. ஜெஸ்ரின் கைபேசியை எடுத்தாள்.

ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டாள். சிரிப்பதற்காகவா என்று செவ்தா திருப்பிக் கேட்டாள். இதைச் சொல்லக்கூடிய ஒருவரை வருடக்கணக்காகத் தேடுகிறேன் என்றாள் ஜெஸ்ரின். செவ்தா சம்மதித்தாள்.

"பல்லில்லாத பூசணிதானே, எதற்கு இவ்வளவு பயம்?"

"எனக்கென்ன பயம்? நடக்கத் தெரிந்தவர்களிடம் அது வராது. பல் முளைக்காத பிள்ளையைத்தான் தேடி வரும். என் மகனுக்கு இன்னும் ஒரு பல்கூட வரவில்லை."

இது எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஜெஸ்ரின் கைபேசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் மணியமும் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். அந்தச் சிவப்பு குங்குமம் என்றும், கடைக்குக் கண்ணூறு படாமல் இருக்கவே பூசணியை உடைக்கிறோம் என்றும் விளக்கினார். செவ்தா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. கண் பொல்லாதது என்று ஒத்துக்கொண்டாள். புதுப் பூசணியை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பழையதைத் திருப்பித் தர மாட்டேன், இந்தத் துடைப்பத்தையும் எரிக்க வேண்டும் என்றாள்.

மணியம் மறுத்துப் பேசப் போனார். பிறகு வண்டியிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"இண்டைக்குக் காலமை வந்ததில ஒண்டை எடுக்கிறன்," என்று ஜெஸ்ரினிடம் சொன்னார். "தும்புத்தடியைப் பின்வளவில வைச்சு எரிக்கச் சொல்லு. இஞ்ச எண்டால் அலாரம் அடிக்கும்."

ஐயர் அவசர அவசரமாகப் புதுப் பூசணியில் குங்குமம் திணித்தார். நல்ல நேரம் முடிவதற்குள் அது தெருவில் சிதறியது. சனம் கைதட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தது. பின்வளவில் துடைப்பம் ஈரத்தில் நெருப்புப் பிடிக்காமல் புகைந்தது. மணியம் ஒரு கட்டி கற்பூரம் கொண்டுவந்து வைத்தபின் குப்பென்று எரிந்தது.

ஜெஸ்ரின் லெஸ்லியை அழைத்தாள். எதுவும் விளக்காமல் கைபேசியைச் செவ்தாவிடம் நீட்டினாள். செவ்தா உறுமினாள்.  லெஸ்லி கேட்டது கடையின் முகவரியை மட்டும்தான்.

சனம் கலையுமுன்பே அவர் நல்ல ஒலிப்பதிவுக் கருவியோடு ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தொடக்கூட மறந்து, இது உண்மைதானா என்று ஜெஸ்ரினிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. செவ்தா மகனை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் தர்ப்பூசணியைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.