கய்ரொல்லா அகாயின் மீன்

கரகந்தா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், பதிவு மேசைக்கு எதிரே இருந்த மீன்தொட்டியில் பதினொன்றாவது மீன் செத்து மிதந்ததைப் பதிவு எழுத்தர் தொல்கின் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், நீரின் சூடு இருபத்தாறு, நியான் மீன் ஒன்று, வால் இல்லை. எழுதி முடித்ததும் நோட்டை இரண்டாகக் கிழிக்கலாம் போலிருந்தது. மூன்று வாரமாக எழுதுகிறாள். எழுதியதால் எந்த மீன் பிழைத்தது?

மாலை வகுப்பில் ஆய்வகப் படிப்புப் படிக்கிறவள். முதலில் கவனி, எழுது, பிறகு பேசு என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கவனிப்பதும் எழுதுவதும் அவளுக்கு நன்றாக வந்தது. பேசுவதுதான் வரவில்லை.

டிசம்பரில் தொட்டி வந்த அன்று மருத்துவமனையே திரண்டு வந்து பார்த்தது. புதிதாக ஒன்றைக் காண்கிறவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பிறந்த குழந்தையானாலும், வீட்டுக்கு வந்த மருமகளானாலும், காரானாலும், கண்டதற்கான பரிசாகக் கொரிம்திக் கொடுத்தாக வேண்டும். தொட்டிக்கு என்ன கொடுப்பார்கள்? மீன்தான். ஊசி போடும் அறைக்காரர்கள் இருபது நியான் வாங்கிவந்தார்கள். மூத்த செவிலி ரௌஷான் அபாய் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் கொடுத்தார். எது யார் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். போகிறபோது வருகிறபோது அவரவர் மீனை நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

தலைமை மருத்துவர் கய்ரொல்லா அகாய் அப்போது ஊரில் இல்லை. வயதில் பெரிய ஆணை அகாய், பெண்ணை அபாய் என்றுதான் அங்கே மரியாதையாக அழைப்பார்கள். திரும்பிவந்ததும் தேநீர்க் குடுவை ஒன்றைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தார். வெளியே குளிர் மைனஸ் முப்பது. குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தார். கறுப்பு வரி போட்ட, உள்ளங்கை அகல மீன் ஒன்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தொல்கினும் தட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கை எரிகிறது.

அந்த மீன் ஒரே வாரத்தில் பாதித் தொட்டியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஊழியர்கள் அதற்குச் சின்ன அகாய் என்று பெயர் வைத்தார்கள்.

தொல்கின் ஒவ்வொன்றாக முயன்றாள். அது பிடித்துவைத்திருந்த இடம் கலையட்டும் என்று கற்களை மாற்றி அடுக்கினாள். இரண்டே நாளில் அது மறுமூலையைப் பிடித்தது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் தீனி போட்டாள். அது இரண்டு முனைக்கும் ஓடி ஓடி விரட்டியது. போன வியாழக்கிழமை பழைய எக்ஸ்ரே படங்களை ஊசியால் பொத்தல் போட்டு, தொட்டிக்குக் குறுக்கே தடுப்பாக நிறுத்தினாள். யாரோ ஒரு குழந்தையின் விலா எலும்புகளுக்கு அந்தப் பக்கம் சின்ன அகாய், இந்தப் பக்கம் மற்றவை. ஊசிக்கு அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து அழுகையை நிறுத்தினார்கள். ஒன்றரை நாள் ஒரு மீனும் சாகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கய்ரொல்லா அகாய் வந்து நின்றார்.

"என்னம்மா இது, நான் கொடுத்ததை ஜெயில்ல போட்டிருக்கே?"

"மத்ததையெல்லாம் கடிக்குது, அகாய். நோட்டுல எழுதிவச்சிருக்கேன், நேரத்தோட."

"மீன்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. எலும்பைக் காட்டவா தொட்டி வச்சிருக்கோம்?" சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே தடுப்பைப் பிடுங்கி, சொட்டச் சொட்ட அவள் பதிவேட்டின் மேல் வைத்தார்.

தொல்கின் துணி எடுத்து மேசையைத் துடைத்தாள்.

இன்று திங்கட்கிழமை. நியான்களில் ஒன்பதுதான் மிச்சம். இரண்டு ஏஞ்சல்களும் வடிகட்டியின் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. பெரியதற்கு இடது கண் இல்லை. கண் இருந்த இடம் வெள்ளையாக வீங்கியிருந்தது.

ரௌஷான் அபாய் வந்து குனிந்து பார்த்தார். "ஐயோ, என் வெள்ளைச்சி."

"சின்ன அகாயை வெளிய எடுக்கப்போறேன், அபாய்."

"எடுத்து?"

"அவர்கிட்டயே கொடுத்துடுவேன்."

"கொரிம்திக்கைத் திருப்பிக் கொடுக்கிறதா? உனக்கென்ன பைத்தியமா? முகத்துல துப்புறதும் அதுவும் ஒண்ணு. எங்க அம்மா இருந்தா உன் காதைத் திருகியிருப்பா."

"உங்க மீனோட கண்ணைப் பாருங்க."

"என் மீன் போகட்டும்டி. உன் வேலையை நினைச்சுப் பாரு."

தொல்கின் நினைத்துப் பார்த்தாள். தான் சொல்வது தவறோ, வேறு ஏதாவது செய்திருக்கலாமோ என்று நோட்டைப் புரட்டினாள். மூன்று வாரம், அறுபத்திரண்டு குறிப்பு. எல்லாக் குறிப்பும் ஒரே மீனைத்தான் காட்டியது. அவளுக்கு அந்த மீன்மேல் கோபமில்லை. அதன் குணம் அது. கோபமெல்லாம் அந்த மடித்த சட்டைக் கையின் மேல், கை தட்டிய தன் கைகளின் மேல்.

ஊறுகாய் போடும் மூன்று லிட்டர் ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டாள். வலை வைத்ததும் சின்ன அகாய் ஓடவில்லை. வலையையே கடிக்க வந்தது. ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கய்ரொல்லா அகாய் பால் தேநீரில் பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டையைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் ஜாடியை அவர் எதிரே வைத்தாள்.

"உங்க மீன், அகாய். மூணு வாரமா நான் எல்லாம் செஞ்சு பார்த்தேன். மத்ததோட இது இருக்காது."

அவர் ஜாடியைப் பார்த்தார். பிறகு, அவள் எதிர்பார்க்காதபடி சிரித்தார். "சரியான ரௌடி இவன். எங்க வீட்டுத் தொட்டியையும் இப்படித்தான் காலி பண்ணினான். என் பொண்டாட்டி, ஒண்ணு இவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்னுட்டா."

"தெரிஞ்சேதான் கொண்டுவந்தீங்களா?"

"தூக்கி எறிய மனசு வரலை. இங்க பெரிய தொட்டி, சமாளிச்சுக்குவான்னு நினைச்சேன்."

"அப்ப அது கொரிம்திக் இல்லை, அகாய். உங்க வீட்டுக் குப்பை."

அவர் பவுர்சாக்கைத் தட்டில் வைத்தார். "யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? பெரியவங்களுக்கு மரியாதை கொடுக்க உன் வீட்டுல கத்துக்கொடுக்கலையா?"

"கொடுத்தாங்க. அதனாலதான் வெள்ளிக்கிழமை வாயை மூடிட்டு மேசையைத் துடைச்சேன். அன்னிக்குப் பேசியிருந்தா ஏஞ்சலுக்குக் கண்ணு இருந்திருக்கும்."

"இதைத் தூக்கிட்டுப் போய்த் தொட்டியில விடு. இது உத்தரவு."

"விட மாட்டேன்."

"வேலை வேண்டாமா?"

"வேணும், அகாய். ரொம்ப வேணும்." அவள் குரல் உடைந்தது; அதற்காகவும் அவளுக்கு எரிச்சல் வந்தது. "ஆனா நீங்கதான் தூக்கிட்டு வரணும். எல்லாரும் பார்க்க, நீங்களே விடணும். எந்தெந்த மீன் எப்படிச் செத்ததுன்னு நான் பக்கத்துல நின்னு வாசிப்பேன்."

கதவைச் சாத்தாமல் இறங்கி வந்தாள். நோயாளி அட்டைக்கு வரிசையில் ஏழு தாய்மார்கள் நின்றார்கள். ஒவ்வொரு பெயராக எழுதினாள். மூன்றாவது பெயரைத் தவறாக எழுதி, அடித்துத் திருத்தினாள். படியில் காலடி கேட்டபோதெல்லாம் பேனா நின்றது. யாரும் ஜாடியோடு வரவில்லை.

பதினொன்றரைக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

"இதுக்கு என்ன தீனி போடணும்?" என்றது கய்ரொல்லா அகாயின் குரல். மன்னிப்பு அதில் துளியும் இல்லை.

"வீட்டுல என்ன போட்டீங்களோ அதுதான்."

"பொண்டாட்டிதான் போடுவா. எனக்குத் தெரியாது."

"அப்ப அவங்களையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு, தொல்கின் அடுத்த தாயின் அட்டைக்காகக் கையை நீட்டினாள்.